பரங்காய் அலுவலகத்தில் ஒரு காகிதம்: பிலிப்பைன்ஸ்வாசிகள் கொஞ்சம் வாங்க

#1 – கேசோன் மாப்பிள்ளை

மணிலாவுக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. மனைவி இந்த ஊர்க்காரர். மச்சானுக்கு 22 வயது, படிப்பு முடித்து இப்போதுதான் முதல் வேலை கிடைத்திருக்கிறது. சேரும் முன் கொண்டுவரச் சொன்ன காகிதங்களில் ஒன்று பரங்காய் கிளியரன்ஸ். பையன் இந்தத் தெருவில்தான் இருக்கிறான், இவன் மேல் புகார் எதுவும் இல்லை என்று ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. அவ்வளவுதான்.

காலை எட்டு மணிக்கே போய் நின்றோம். சுவரில் பெரிய பேனர். எளிய வேலைக்கு 3 நாள், சிக்கலான வேலைக்கு 7 நாள், தொழில்நுட்ப வேலைக்கு 20 நாள் என்று 2018-ல் வந்த சட்டத்தின் கணக்கு. அதற்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிதாகத் தலைவரின் சிரித்த முகம். கவுன்டரில் இருந்த அம்மா அவ்வளவு இனிமையாகச் சொன்னார்: 'பாலிக் நா லாங் போ காயோ புகாஸ்.' நாளைக்கு வாருங்கள் என்று அர்த்தம். இங்கே மரியாதைக்கு வாக்கியத்துக்கு வாக்கியம் 'போ' சேர்ப்பார்கள். முதல் வருஷம் எனக்கு எல்லா அலுவலகத்திலும் என்னைத் துரத்துவது மாதிரியே இருக்கும். பிறகு புரிந்தது, இரண்டுமே உண்மைதான்.

கையெழுத்துப் போட வேண்டிய தலைவர் சாவு வீட்டுக்குப் போயிருக்கிறாராம். திரும்பி நடக்கும்போது வாசலில் ஒரு தானோத், அதாவது பரங்காய் காவலர், மாமியாரின் ஒன்றுவிட்ட அக்கா மகன். காகிதத்தை வாங்கிக்கொண்டு பின்பக்கமாகப் போனார். பத்து நிமிஷத்தில் கையெழுத்தோடு வருகிறேன், மெரியெந்தாவுக்கு ஏதாவது கொடுங்கள் என்றார். டீ, பலகார வகையறா. மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்: 'திஸ்கார்த்தே, குயா.' குயா என்றால் அண்ணன்.

இந்த 'திஸ்கார்த்தே' என்ற சொல்லைப் பற்றித்தான் பேச ஆசை. சாமர்த்தியம், சமாளிப்பு, குறுக்கு வழி மூன்றும் சேர்ந்த சொல். இந்த நாட்டில் எல்லோரிடமும் இருக்கிறது, எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். இது இருப்பதால்தான் எதுவும் மாறவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். நான் தானோதைக் கூப்பிட்டு, வேண்டாம், நாளைக்கே வருகிறோம் என்று காகிதத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். வீட்டில் மூன்று பேரும் என்னோடு பேசவில்லை. நான் செய்தது சரியா?

#2 – வாழைமட்டை

பரங்காய் என்றால் பரங்கிக்காயா அண்ணே? தலைப்பைப் பார்த்து சாம்பார் இழை என்று நினைத்து உள்ளே வந்தேன்.

#3 – கேசோன் மாப்பிள்ளை

தம்பி, நாட்டின் கடைசிப் படி நிர்வாகம் அது. சுமார் 42,000 பரங்காய்கள் இருக்கின்றன. பாலங்காய் என்ற பழைய படகின் பெயரிலிருந்து வந்த சொல். கடல் வழியாக ஒரு படகில் வந்து சேர்ந்த கூட்டம் ஒரு குடியிருப்பு, அதன் தலைவர் தாத்து. சாம்பார் கிடையாது.

#4 – புலாக்கான் மருமகன்

மாப்பிள்ளை சார், நீங்கள் செய்தது சரிதான், ஆனால் உங்கள் மாமியார் ஏன் கோபப்பட்டார் என்பது எனக்குப் புரிகிறது. எங்கள் புலாக்கான் மாகாணத்து ஹகோனோய் ஊர்ப் பக்கம் வந்து பாருங்கள், உங்களுக்கும் புரியும்.

என் மனைவியின் வீட்டில் தரையை மூன்று முறை உயர்த்தியிருக்கிறார்கள். வெள்ளம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக ஏற, மண் கொட்டி மேலே சிமென்ட். கூரை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இப்போது சமையலறைக்குள் போக நான் குனிய வேண்டும். சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேன் வைத்தாயிற்று. ஜன்னல்கள் முழங்கால் உயரத்தில் இருக்கின்றன. வாசலில் செருப்போடு செருப்பாக வீட்டில் எத்தனை பேரோ அத்தனை ஜோடி ரப்பர் பூட்ஸ். எங்கள் பக்கத்து டிரைசைக்கிள்களைப் பார்த்தால் சிரிப்பு வரும், தண்ணீருக்கு மேலே நிற்கட்டும் என்று இன்ஜினையும் இருக்கையையும் தூக்கிவைத்த ஒட்டகங்கள். காலண்டரில் முகூர்த்த நாள் பார்ப்பது போல எங்கள் மாமனார் ஓதம் ஏறும் நாள் பார்ப்பார். மழையே இல்லாத வெயில் நாளிலும் கடல் ஏறித் தெருவுக்குள் வந்துவிடும்.

காரணம் ஒன்றல்ல. மணிலா விரிகுடாவின் வடக்குக் கரையில் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சித் தரையே வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் அமிழ்கிறது. சதுப்பை மீன் பண்ணையாக்கினார்கள், பிறகு மண் போட்டு மேடாக்கினார்கள். 2025 ஜூலையில் மாலோலோஸ் பராசோவாயின் தேவாலயத்தில் முழங்கால் தண்ணீரில் ஒரு மணப்பெண் வெள்ளை கவுனை இழுத்துக்கொண்டு நடந்தாரே, அந்தப் படம் உலகமெல்லாம் சுற்றியது. 1898-ல் முதல் குடியரசின் காங்கிரஸ் கூடிய இடம் அது. எல்லோரும் 'எவ்வளவு மனவுறுதி பாருங்கள்!' என்று பாராட்டினார்கள். இங்கே யாரிடமாவது அந்தப் பாராட்டைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுளிப்பார்கள். வெள்ளத்தில் சிரிக்கிறோம் என்பதற்காகத் தண்ணீரை விட்டுவைப்பீர்களா என்று என் மனைவி கேட்பாள்.

சரி, மாமியார் விஷயம். நீங்கள் காகிதத்தைத் திரும்ப வாங்கிய அந்தத் தானோத் இருக்கிறாரே, நடுராத்திரி தண்ணீர் ஏறினால் படகோடு வருகிறவரும் அவர்தான். எங்கள் ஊர்த் தானோத்தும் அப்படித்தான்: மாமனாருக்கு மூச்சுத் திணறியபோது இடுப்பளவு தண்ணீரில் கதவைக் கழற்றி அதில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனவர், ஒரு வாரம் முன்னால் எங்களிடம் மெரியெந்தா கேட்டவர். அவர் மேல் எப்படிப் புகார் எழுதுவது? உதவியவருக்குத் தீராக் கடன் பட்டிருக்கிறோம் என்ற உணர்வு இங்கே மிக ஆழம். உதாங் நா லோவோப் என்பார்கள், உள்ளத்தின் கடன். திஸ்கார்த்தேயை ஒழித்துவிடலாம், அந்தக் கடனை என்ன செய்வீர்கள்?

#5 – கணக்குப்பிள்ளை

மருமகன் அண்ணன் புலாக்கானில் இருந்துகொண்டு முக்கியமானதை விட்டுவிட்டார், ஒருவேளை சொல்லிச் சொல்லி அலுத்திருக்கும்.

2025 ஜூலை 28 அன்று ஆண்டு உரையில் அதிபர் மார்கோஸ், வெள்ளத் தடுப்புப் பணத்தில் கைவைத்தவர்களைப் பார்த்து 'மஹியா நமான் கயோ' என்றார். கொஞ்சமாவது வெட்கப்படுங்கள் என்று. ஆகஸ்டில் அவரே கணக்கை வெளியிட்டார்: 2022 ஜூலையிலிருந்து வெள்ளத் தடுப்புக்கு 54,500 கோடி பெசோ, 9,855 திட்டங்கள். அதில் 10,000 கோடி வெறும் 15 ஒப்பந்தக்காரர்களுக்குப் போயிருக்கிறது. பாலிவாக் ஊரில் சுமார் 5.5 கோடி பெசோ ஆற்றுச் சுவர், காகிதத்தில் நூறு சதவீதம் முடிந்தது. அதிபர் நேரில் போய்ப் பார்த்தார். சுவர் இல்லை. ஒரு செங்கல்கூட இல்லை.

எனக்கு இதில் சுவாரசியமானது திருட்டு அல்ல, அது எங்கும் உண்டு. திட்டப் பட்டியலை இணையத்தில் போட்டு, உங்கள் ஊரில் சுவர் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். சனங்கள் போய்ப் பார்த்தார்கள். பைக்கில், குடும்பத்தோடு, கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு. நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிசால் மாகாணத்தில் ஒன்றைத் தேடிப் போனேன். இருந்தது! அளவெடுக்க டேப் கொண்டு போயிருந்தேன், நல்ல சுவர்தான். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

#6 – தாவோ மாணவன்

வணக்கம் அண்ணன்களே. நான் இங்கே மருத்துவம் படிக்க வந்த நூற்றுக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவன். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் விடுதி வீட்டுக்கார ஆன்ட்டியின் கணவருக்குச் சிறுநீரகக் கல். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பில் வந்தது. ஆன்ட்டி பில்லின் நகலை எடுத்துக்கொண்டு காலை நான்கு மணிக்குக் கிளம்பினார். மருத்துவமனைக்கு இல்லை, ஒரு அரசியல்வாதியின் அலுவலகத்துக்கு. அங்கே வரிசையில் நின்றால் 'கேரன்டி லெட்டர்' கிடைக்கும். இவருக்கு இத்தனை ஆயிரம் பெசோவை அரசு நிதியிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம். ஒருவர் கொடுப்பது போதாது, அதனால் மூன்று அலுவலகங்கள். மொத்தம் ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் நோயாளி வீட்டுக்குப் போக முடியாமல் கட்டிலிலேயே கிடந்தார்.

பணம் மக்கள் பணம். 2019-லேயே அனைவருக்கும் மருத்துவம் என்ற சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஆன்ட்டி ஃப்ரிட்ஜில் அந்த அரசியல்வாதியின் படம் போட்ட காந்தம் ஒட்டியிருக்கிறது. 'நல்ல மனுஷன்' என்கிறார். 2025 ஜூலையில் சுகாதாரத் துறை மருத்துவமனைகளின் சாதாரண வார்டில் நோயாளி எதுவும் கட்ட வேண்டாம் என்று அறிவித்திருக்கிறார்கள். அது ஒழுங்காக நடந்தால் காந்தங்கள் குறையும்.

மற்றபடி தாவோ நல்ல ஊர். பொது இடத்தில் சிகரெட் இல்லை, பட்டாசு இல்லை, வேகக் கட்டுப்பாடு உண்டு, 911 அழைத்தால் வண்டி வரும். கண்டிப்பான ஆள் ஒருவர் இருந்தால் மாறும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி.

#7 – சித்தன் போக்கு

தம்பி, அந்தக் கண்டிப்பின் விலையையும் சேர்த்து எழுது. போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கைகளில் போலீஸ் கணக்கிலேயே 6,000-க்கும் மேல் சாவு. அந்தக் கண்டிப்பான ஆள், உன் ஊர் மேயராக இருந்து அதிபரான துதெர்தே, 2025 மார்ச்சில் ஹேகில் உள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றக் காவலுக்குப் போனார். பட்டாசு இல்லாத புத்தாண்டு நல்லதுதான், ஆனால் எங்கள் தெருவில் ஒரு அம்மா பையனைப் பறிகொடுத்துவிட்டு இன்னும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

#8 – தாவோ மாணவன்

இங்கே வீட்டில் அதைப் பேச முடியாது அண்ணே. அதனால் நானும் பேசப் பழகவில்லை. சரி, எடுத்துக்கொள்கிறேன்.

#9 – எட்சா அக்கா

வெள்ளம் வருஷத்தில் சில மாதம். எனக்கு வெள்ளம் தினமும், வாகன வெள்ளம். மணிலாவின் பிரதான சாலையான எட்சா 24 கிலோமீட்டர்கூட முழுசாக இல்லை, அதில் நான் வாழ்க்கையின் எத்தனை வருஷத்தைக் கொடுத்திருக்கிறேன் என்று கணக்குப் போட்டால் அழுகை வரும். விடிகாலை நாலரைக்கு எழுந்திரிக்கிறேன். முதலில் ஜீப்னி என்ற ஷேர் வண்டி, அப்புறம் ரயில், அப்புறம் இன்னொரு ஜீப்னி. தலைநகரின் குறைந்தபட்ச தினக்கூலி 2025 ஜூலையில் 695 பெசோ ஆனது. எங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்கிற அக்கா தினமும் அதில் எவ்வளவை டிரைவர் கையில் கொடுக்கிறார் என்று பார்த்திருக்கிறேன். ஜீப்னியில் கடைசி சீட்டில் இருப்பவர் காசை முன்னால் அனுப்ப, கைமாறிக் கைமாறி டிரைவருக்குப் போய், சில்லறை அதே வழியில் திரும்பி வரும். ஒரு பெசோ குறைந்ததில்லை. கோடிகள் காணாமல் போகும் இதே நாட்டில்தான் இதுவும். எனக்கு இன்னும் வியப்பு.

கமுனிங் நடைமேம்பாலம் தெரியுமா? 2018-ல் கட்டினார்கள். ரயிலின் மின்கம்பிக்கு மேலே போக வேண்டும் என்பதற்காக அவ்வளவு உயரம், படிகள் அவ்வளவு செங்குத்து. ஒரே நாளில் சனங்கள் 'கமுனிங் மலை' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஏறி முடித்ததும் உச்சியில் கொடி நட்டதுபோல செல்ஃபி. சிரிக்கத்தான் செய்தார்கள், ஆனால் கர்ப்பிணியும் முதியவரும் எப்படி ஏறுவார்கள் என்று வரைபடம் போட்டவருக்குத் தோன்றவில்லையே! அவர் ஒருநாளும் நடந்து போகிறவர் இல்லை என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

நல்லதும் சொல்கிறேன். 2020-ல் ஊரடங்கு நேரத்தில் எட்சாவில் பஸ்ஸுக்கென்று தனித் தடம் பிரித்தார்கள். பக்கத்துத் தடத்தில் பெரிய கார்கள் நகராமல் நிற்க, நாங்கள் பஸ்ஸில் சர்ரென்று போகிறோம். அந்த ஒரு நிமிஷம் மட்டும் இந்த நாடு என்னையும் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டது மாதிரி இருக்கும்.

ஜீப்னியை ஒழித்துப் புது வண்டி வாங்கு என்று 2017-லிருந்து சொல்கிறார்கள். புது வண்டி 20 லட்சம் பெசோவுக்கு மேல். டிரைவர் எங்கே போவார்? புகை போக வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் இதில் நான் யார் பக்கம் என்று கேட்டால், காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம்.

#10 – உள்ளூர்க்காரன்

நம்ம ஊரில் இல்லாத வெள்ளமா, நெரிசலா? எவன் நாட்டையோ பற்றி இங்கே ஏன் இவ்வளவு நீளம்?

#11 – மட்டுறுத்துநர்

இழை பிலிப்பைன்ஸைப் பற்றியது, அங்கே வாழ்கிறவர்கள் பேசுகிறார்கள். நம்ம ஊர் வெள்ளத்துக்குத் தனி இழை இருக்கிறது, அதில் 400 பதிவுகள் தாண்டிவிட்டன. தொடருங்கள்.

#12 – பாசிக் பாட்டையா

அறுபது தாண்டியவன், இங்கே வந்து 30 வருஷத்துக்கு மேல். 'பும்பாய்' என்று என்னைக் கூப்பிடாத தெரு இல்லை. இந்தியன் என்றால் ஃபைவ்-சிக்ஸ் வட்டிக்காரன், ஐந்து கொடுத்து ஆறு வாங்குகிறவன் என்று நினைப்பு. நான் பருப்புக் கடைக்காரன் என்றால் நம்பமாட்டார்கள்.

எங்கள் பாசிக் நகரத்தில் ஒரே குடும்பம் 27 வருஷம் மேயர் நாற்காலியில் இருந்தது. 2019-ல் 29 வயதுப் பையன் விகோ சோட்டோ வந்து அவர்களைத் தோற்கடித்தார். 2025-ல் மூன்றாம் முறையும் ஜெயித்தார். எதிர்த்து நின்ற ஒப்பந்தக்காரக் குடும்பத்தின் நிறுவனங்கள், கணக்குப்பிள்ளை சொன்னாரே அந்த 15 பட்டியல், அதில் இருந்தன. முன்பெல்லாம் வியாபார உரிமம் புதுப்பிக்கப் போனால் மடியில் கனத்தோடு போவேன். இப்போது ரசீதோடு வருகிறேன். அதை ஒரு அதிசயமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

ஆனால் துள்ளிக் குதிக்காதீர்கள். அவருடைய அப்பா பெரிய நடிகர், பெரியப்பா 2025-ல் செனட் தலைவர் ஆனவர். நல்லவரும் வம்சத்திலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. 1987 அரசியலமைப்பு, 2-ம் பிரிவு 26-ம் பகுதி: வாரிசு அரசியலை அரசு தடை செய்யும், 'சட்டம் வரையறுக்கிறபடி'. கிட்டத்தட்ட 40 வருஷமாக அந்த வரையறையை எழுத யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் எழுத வேண்டியவர்கள் அவர்கள்தான். 2016-ல் இளைஞர் மன்றத் தேர்தலுக்கு மட்டும் எழுதினார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை அப்பா பேரில் நிற்கக் கூடாது, ஐம்பது வயது மகன் நிற்கலாம்! மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து மேயராக முடியாது. 2028-க்குப் பிறகு என் ரசீது என்னவாகும் என்பதுதான் என் கவலை.

அப்புறம் மாப்பிள்ளை, உங்கள் மச்சானுக்கு இது முதல் வேலைதானே? 2019-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. முதல் முறை வேலை தேடுகிறவர்களுக்குப் பரங்காய், போலீஸ் காகிதங்களுக்குக் கட்டணமே கிடையாது. பரங்காயிலேயே உறுதிமொழி எழுதிக் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். கேட்டால்தான் தருவார்கள்.

#13 – மழைக்காகிதம்

2025 செப்டம்பர் 21-ம் தேதி ஊழல் எதிர்ப்புப் பேரணிக்கு நான் போயிருந்தேன். காலையில் லுனெட்டா பூங்கா, மதியம் எட்சா. 1972-ல் ராணுவச் சட்டம் கொண்டுவந்த தேதி என்பதால் அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டைக் கடல். அட்டையில் முதலை வரைந்து கொண்டுவராத ஆள் இல்லை. இங்கே ஊழல்வாதிக்கு முதலை என்றுதான் பேர். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கன்னியாஸ்திரீகள், பாட்டிகள். எனக்கு முன்னால் நின்ற பாட்டி 1986 மக்கள் புரட்சியிலும் இதே சாலையில் நின்றதாகச் சொன்னார். முழங்கால் வலிக்கிறது, அடுத்த முறைக்கு வரமாட்டேன், இந்த முறையே முடித்துவிடுங்கள் என்றார். மாலையில் அதிபர் மாளிகைக்குப் போகும் மெந்தியோலா தெருப் பக்கம் கல்வீச்சு, கைது. அதில் சிறுவர்கள் நிறைய. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும்.

ஆனால் எனக்கு நம்பிக்கை வந்தது அன்று அல்ல. 2021 ஏப்ரலில், மகின்ஹாவா தெருவில். ஊரடங்கில் ஒரு பெண் மூங்கில் தள்ளுவண்டியில் அரிசி, காய்கறி, டப்பா உணவு வைத்து, 'முடிந்ததைக் கொடு, தேவையானதை எடு' என்று அட்டை எழுதி வைத்தார். சில நாட்களில் நாடு முழுக்க அதே மாதிரி வண்டிகள். அவரை விசாரிக்கிறோம் என்று போலீஸ் கிளம்பியதும் நடந்தது. நான் போனபோது எனக்கு முன்னால் ஒரு டிரைசைக்கிள்காரர் மூன்று முட்டை எடுத்தார். கொஞ்சம் நடந்தார், திரும்பி வந்து ஒன்றைத் திருப்பி வைத்தார். நான் பை நிறைய வாங்க வந்தவள். கொடுக்க வந்தவளாக மாறி வீட்டுக்குப் போய்ச் சர்க்கரை எடுத்து வந்தேன்.

#14 – கணக்குப்பிள்ளை

தள்ளுவண்டி அழகுதான் மழைக்காகிதம். ஆனால் அதுவும் திஸ்கார்த்தேதானே? அரசு செய்யாததை நாமே செய்துகொண்டோம்.

#15 – மழைக்காகிதம்

இல்லை. திஸ்கார்த்தே எனக்கு மட்டும் வழி கண்டுபிடிக்கும். அது பின்வாசல் வழி. வண்டி தெருவில் நின்றது.

#16 – கேசோன் மாப்பிள்ளை

நான்கு நாளாக வரவில்லை, மன்னிக்கவும். பாட்டையா ஐயாவுக்குப் பெரிய நன்றி.

சட்டத்தின் பெயரைத் தாளில் எழுதி மச்சானிடம் கொடுத்தேன். கவுன்டர் வரை போய்விட்டு, ஹியா, கூச்சமாக இருக்கிறது குயா, நீங்களே சொல்லுங்கள் என்றான். எனக்கும் கூச்சம்தான், வெளிநாட்டுக்காரன் சட்டம் பேசினால் நன்றாகவா இருக்கும்? கடைசியில் பேசியது மாமியார். வரமாட்டேன் என்றவர், நாங்கள் சொதப்புவோம் என்று தெரிந்து பின்னாலேயே வந்திருக்கிறார். சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கவுன்டர் அம்மாவின் பேத்தியை விசாரித்தார், முட்டி வலியை விசாரித்தார், அப்புறம் 'என் பையனுக்கு இது முதல் வேலை, அந்த இலவச ஃபாரம் இருக்கிறதாமே?' என்றார். அந்த அம்மா மேஜையின் அடி இழுப்பறையைத் திறந்தார். ஒரு கட்டு ஃபாரம், ரப்பர் பேண்ட்கூடப் பிரிக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பையன்கள், எங்களுக்கும் என்றார்கள்.

தானோத் வாசலில்தான் இருந்தார். மாமியார் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிகோவை, அதாவது இனிப்பு அரிசிப் பலகாரத்தை, அவருக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். மெரியெந்தா ஆயிற்று.

மூன்றாம் நாள் காகிதம் வந்தது. கட்டணம் இல்லை, கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது. மச்சானின் குடும்பப் பெயரில் ஒரு எழுத்து தப்பு. இன்று திருத்தப் போகலாம் என்றால் விடிகாலையிலிருந்து மழை. மரிகினா ஆறு 15 மீட்டரைத் தொட்டு முதல் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள், அலுவலகம் மூடல். தானோத்கள் படகை இறக்கி வைத்திருக்கிறார்களாம். நாளைக்குப் போகிறோம்.